பறவை தேடிப் புறப்படுமுன்

பயணங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பயணி வீட்டுப் படியைத் தாண்டிய நாளிலிருந்தே தம் கதையைத் தொடங்குகின்றனர். அவர் கடந்த ஆறுகள், ஏறிய மலைகள், எதிர்கொண்ட இடர்கள் ஆகியவை விரிவாகப் பேசப்படுகின்றன. அப்பயணத்துக்கு முன்னர் மேசையருகே அமர்ந்து அவர் படித்த நூல்களும், எழுதிய கடிதங்களும், பெட்டிக்குள் எதை வைப்பது, எதை விடுவது என்று எண்ணிக் கழித்த இரவுகளும் ஏடேறுவதில்லை. ஆனால் ஒரு பயணம் பிற்காலத்தாருக்கு எதை விட்டுச் செல்லும் என்பது பெரும்பாலும் அந்த இரவுகளிலேயே முடிவாகிவிடுகிறது. இதற்கு நம் நாட்டு வரலாற்றில் நல்லதொரு சான்று உண்டு. 1933-ஆம் ஆண்டில் திருவிதாங்கூர், கொச்சி ஆகிய இரு சமஸ்தானங்களின் மலைகளிலும் மழைக்காடுகளிலும் சலீம் அலி நடத்திய பறவை ஆய்வே அது.

அன்றைய திருவிதாங்கூர் இன்றைய கேரளத்தின் எல்லைக்குள் அடங்கியது அன்று. கன்னியாகுமரி, தோவாளை, கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை முதலிய தமிழ் நிலங்களும் அதனுள் இருந்தன. 1956 நவம்பர் முதல் நாளில்தான் அவை சென்னை மாநிலத்தோடு இணைந்தன. எனவே இந்த ஆய்வு நம் மண்ணின் பறவை வரலாறும் ஆகும்.

வேலையிழந்தவரின் துணிவு

சலீம் அலி 1896 நவம்பர் 12-ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்த அவரைத் தாய்மாமன் அமீருத்தீன் தய்யப்ஜி வளர்த்தார். 1887-இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய பத்ருத்தீன் தய்யப்ஜியின் குடும்பமே அது. சிறுவன் சலீம் அலி காற்றுத் துப்பாக்கியால் வீழ்த்திய ஒரு குருவியின் கழுத்தில் மஞ்சள் நிறம் இருந்தது. அது என்ன பறவை என்று அறிய மாமன் அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அங்கே செயலாளராக இருந்த மில்லார்டு அப்பறவையை இனங்காட்டியதோடு, கழகத்தின் பெட்டிகளைத் திறந்து பதப்படுத்திய பறவைகளை வரிசை வரிசையாகக் காட்டினார். பின்னாளில் 1985-இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றுக்கு ஒரு குருவியின் வீழ்ச்சி என்று பொருள்படும் பெயரையே அவர் சூட்டினார்.

இத்தகைய தொடக்கம் பெற்றவரின் நடுவயது அத்துணை இனிமையாக அமையவில்லை. பர்மாவின் தவாயில் குடும்பத் தொழிலைக் கவனித்தார், அது நிலைக்கவில்லை. 1926-இல் பம்பாய் அருங்காட்சியகத்தில் இயற்கை வரலாற்றுப் பிரிவில் விளக்க உரையாளர் ஆனார். அப்பணியிலிருந்து விடுப்புப் பெற்றுப் பெர்லின் சென்று, பேராசிரியர் எர்வின் ஸ்ட்ரேஸ்மனிடம் பறவையியல் பயின்றார். 1930-இல் திரும்பி வந்தபோது, நிதிப் பற்றாக்குறையால் அவருடைய பதவியே நீக்கப்பட்டிருந்தது. பல்கலைக்கழகப் பட்டம் இல்லாமையால் வேறு அரசுப் பணியும் கிட்டவில்லை.

இந்நிலையில் அவர் செய்த செயல் எண்ணிப் பார்க்கத்தக்கது. சுதேச சமஸ்தானங்களின் பறவைகளைப் பற்றி முறையான ஆய்வு நடைபெறவில்லை என்பதைக் கண்டு, அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்து தருவதாக முன்வந்தார். ஊதியம் வேண்டாம், முகாம் செலவையும் போக்குவரத்துச் செலவையும் சமஸ்தானம் ஏற்றுக்கொண்டால் போதும் என்பதே நிபந்தனை. ஐதராபாத் நிஜாம் அரசு முதலில் இசைந்தது. 1931, 1932 ஆகிய ஆண்டுகளில் அங்கு ஆய்வு நடந்தது. அடுத்து வந்தவை திருவிதாங்கூரும் கொச்சியும். ஐதராபாத்தின் வறண்ட பீடபூமி அவருக்குப் பயிற்சிக் களமாயிற்று. தெற்கே அவர் எதிர்கொள்ளவிருந்ததோ முற்றிலும் வேறான உலகம்.

நூலும் வினாவும்

மலைக்காட்டுக்குச் செல்பவன் முதலில் ஆயத்தப்படுத்த வேண்டியது தன் அறிவையே. தெரிந்தவை எவை, தெரியாதவை எவை என்ற கணக்கு இல்லாமல் காட்டுக்குள் நுழைபவனுக்குக் காண்பன எல்லாம் புதுமையாகவே தோன்றும். உண்மையான புதுமை எது என்பது விளங்காது. தென்னிந்தியப் பறவைகளைப் பற்றி ஜெர்டன் 1862 முதல் 1864 வரை எழுதிய நூல்கள் இருந்தன. ஸ்டூவர்ட் பேக்கர் 1922 முதல் 1930 வரை வெளியிட்ட எட்டுத் தொகுதிகள் இருந்தன. திருவிதாங்கூரைப் பொறுத்தவரை, திருவனந்தபுரம் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பெர்குசனும், வனத்துறையைச் சேர்ந்த போர்டிலியனும் 1903, 1904 ஆகிய ஆண்டுகளில் பம்பாய்க் கழகத்தின் இதழில் வெளியிட்ட பட்டியலும் இருந்தது.

அந்தப் பட்டியல் என்னென்ன பறவைகள் உண்டு என்பதைக் கூறியது. சலீம் அலி மேலும் வினவினார். இப்பறவை எந்த உயரத்தில் வாழ்கிறது? ஆண்டு முழுவதும் இங்கேயே இருக்கிறதா, வலசை வந்து மீள்கிறதா? எந்த மாதத்தில் குஞ்சு பொரிக்கிறது? என்ன உண்கிறது? வடக்கேயுள்ள இதன் உறவினத்திலிருந்து எவ்வகையில் வேறுபடுகிறது? உயிருள்ள பறவையை அதன் சூழலோடு சேர்த்து நோக்க வேண்டும் என்பது பெர்லினில் அவர் கற்ற பாடம்.

அவருக்கு வேறோர் பரம்பரைச் செல்வமும் உண்டு. முகலாயப் பேரரசர்கள் இயற்கையை நோக்கிய முறையைப் பற்றி 1927-இல் தொடங்கிப் பம்பாய்க் கழகத்தின் இதழில் அவர் ஒரு கட்டுரைத் தொடர் எழுதியிருந்தார். ஜஹாங்கீர் தம் நாட்குறிப்பில் லைலா, மஜ்னூன் என்று பெயரிட்ட ஒரு ஜோடி சாரசக் கொக்குகளைப் பற்றி எழுதியுள்ளார். அவை இணைந்ததும், முட்டையிட்டதும், இரண்டும் மாறி மாறி அடைகாத்ததும் அதில் பதிவாகியுள்ளன. அவருடைய அரசவை ஓவியர் உஸ்தாத் மன்ஸூர் பறவைகளைத் தீட்டியபோது இறகின் அமைப்பையும் காலின் நிறத்தையும் வழுவாது காட்டினார். கண்டதைக் கண்டவாறே உடனுக்குடன் எழுதும் அந்த ஒழுக்கம் சலீம் அலிக்கு நூல்வழி வந்த உரிமை.

காலம் அறிதல்

அடுத்த வினா, எப்போது புறப்படுவது என்பது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குச் சரிவில் ஜூன் மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை பாதைகளை அடைத்துவிடும். காற்றின் ஈரத்தில் எதுவும் உலராது. அது ஓய்ந்ததும் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும். திருவிதாங்கூரின் தென்பகுதி அதனாலும் நனையும். ஜனவரியில் வானம் வெளுக்கிறது. பயணியின் வசதிக்கு ஏற்ற காலம் அது.

பறவைகளின் கணக்கிலும் அதுவே ஏற்ற காலம். வடக்கிலிருந்து குளிர்காலத்தைக் கழிக்க வந்த பறவைகள் ஜனவரியில் இன்னும் திரும்பியிருக்கமாட்டா. விடியலிலும் அந்தியிலும் குரல் கொடுப்பதால் நம் மக்கள் ஆறுமணிக்குருவி என்று அழைக்கும் வண்ணப்பறவை அத்தகைய விருந்தாளி. அதே மாதங்களில்தான் மலையின் நிலைக்குடிகளான பல பறவைகள் கூடு கட்டத் தொடங்குகின்றன. பெரிய இருவாய்ச்சியின் பேடு மரப்பொந்தினுள் புகுந்து, வாயிலை ஒரு பிளவு மட்டும் எஞ்சும்படி அடைத்துக்கொண்டு அடைகாக்கும் காலமும் அதுவே. விருந்தாளியையும் வீட்டுக்காரனையும் ஒருங்கே காண விரும்புபவன் ஜனவரியில் மலையேற வேண்டும்.

பெட்டிக்குள் இருந்தவை

அக்காலத்துப் பறவை ஆய்வுக்குத் துப்பாக்கி இன்றியமையாதது. உயரமான மரமுகட்டில் இலைகளிடையே தாவும் சிறு பறவையைப் பைனாகுலரால் மட்டும் நோக்கி ஐயமின்றி இனங்காண அன்று வழியில்லை. வண்ணப் படங்களுடன் கூடிய கையேடு இல்லை. சலீம் அலியே எழுதிய அத்தகைய கையேடு 1941-இல்தான் வெளிவந்தது. எனவே இறகு சிதையாதபடி மிக நுண்ணிய ரவைகளைக் கொண்ட தோட்டாக்கள் பெட்டியில் இடம்பெற்றன. சிறு கத்திகள், கத்தரிக்கோல், இடுக்கி, ஊசி, நூல், பஞ்சு, அளவுகோல், பூச்சி அரிக்காதபடி தோலின் உட்புறம் பூசும் பாஷாணச் சோப்பு ஆகியனவும் பறவை சேகரிப்போரின் வழக்கமான தளவாடங்கள்.

மழைக்காட்டில் இப்பணி எத்துணைக் கடினமானது என்பதை எண்ணிப் பார்க்கலாம். வெப்பமும் ஈரமும் கூடிய இடத்தில் இறந்த பறவை சில மணி நேரத்தில் கெடத் தொடங்கும். இறகுகள் தோலிலிருந்து கழன்றுவிடும். காலையில் சேகரித்ததை அன்றே உரித்து, பஞ்சு அடைத்து, தைத்து, எறும்பு எட்டாத இடத்தில் உலர்த்த வேண்டும். பகல் முழுவதும் நடந்து களைத்தவன் இரவில் விளக்கொளியில் இதைச் செய்து முடித்த பின்னரே உறங்க முடியும். கால்களை அட்டைகள் பற்றும். அக்காலத்தில் மலையடிவாரக் காடுகளின் பெரும் எமன் மலேரியா. கொய்னா இல்லாமல் அங்கே தங்குவது உயிரோடு விளையாடுவதாகும். வாழ்க்கைத் துணைவி தெஹ்மினா இத்தகைய முகாம்களில் கணவருடன் இருந்தார். நகர வாழ்வில் வளர்ந்த அவ்வம்மையாரின் பங்கை இந்த ஆய்வுகளின் வரலாற்றில் சிறிதென்று கூற இயலாது. 1939-இல் அவர் காலமானார்.

பெட்டியில் இருந்த பொருள்களுள் மிகச் சிறியது ஒன்று உண்டு. அது பறவையின் காலில் நூலால் கட்டும் துண்டுச் சீட்டு. விரலளவே உள்ள அச்சீட்டில் நாள், இடம், கடல்மட்டத்திலிருந்து உயரம், ஆணா பெண்ணா என்பது ஆகியன எழுதப்படும். கண், அலகு, கால் இவற்றின் நிறம் இறந்தபின் விரைவில் மங்கிவிடுமாதலால் உடனே குறிக்கப்படும். இனப்பெருக்க உறுப்புகளின் அளவைக் கொண்டு அப்பறவை அங்கே கூடு கட்டும் நிலையில் இருந்ததா, வழிப்போக்காக வந்ததா என்பது அறியப்படும். மண்டையோடு முழுமையாக இறுகியுள்ளதா என்று பார்த்தால் வயது ஓரளவு புலப்படும். வயிற்றில் இருந்த விதையோ பூச்சியோ அதன் உணவைக் கூறும்.

சீட்டில்லாத பறவைத்தோல் வெறும் அலங்காரப் பொருள். சீட்டுள்ள தோலோ நூறு ஆண்டுகள் கழித்தும் சாட்சியம் கூறும். இங்கிலாந்தில் வாழ்ந்த ஹியூ விஸ்லர், பஞ்சாபில் காவல்துறை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற பறவையியல் வல்லுநர். சலீம் அலி சேகரித்தவற்றை ஆராய்ந்து வகைப்பாட்டுக் குறிப்புகளை எழுதியவர் அவரே. கடல் கடந்த ஒருவர், காட்டையே காணாமல், ஒரு பறவையைப் பற்றித் தீர்ப்புக் கூற முடிந்ததெனில் அதற்கு அந்தச் சீட்டே காரணம்.

மறையூரிலிருந்து குமரி வரை

1933 ஜனவரியில் மறையூரில் முதல் முகாம் அமைந்தது. அது மலையின் கிழக்குச் சரிவில், மழைமறைவு நிலத்தில், சந்தன மரங்களும் பழங்காலக் கல்லறைகளும் நிறைந்த ஊர். அங்கிருந்து அண்மையிலேயே 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடி எழுகிறது. அதன் மேற்குப் புறத்தில் ஈரம் சொட்டும் காடு. ஒரே மலையில் அடிவாரத்தில் ஒருவகைப் பறவை, இடைப்பகுதியில் வேறொன்று, சோலைகளும் புல்வெளிகளும் கலந்த உச்சியில் மற்றொன்று என்று அடுக்கடுக்காக வாழ்கின்றன. சீட்டில் உயரத்தைக் குறிக்க வேண்டியதன் காரணம் இதனால் விளங்கும்.

பின்னர் சாந்தன்பாறை, பெரியாற்றங்கரையிலுள்ள தட்டேக்காடு, குமுளி, முல்லைப்பெரியாறு அணையால் 1895-இல் உருவான ஏரி, தென்மலை, ஆரல்வாய்மொழி, கன்னியாகுமரி என்று முகாம்கள் தொடர்ந்தன. கொச்சிச் சமஸ்தானத்தில் குரியார்குட்டி ஒரு முக்கிய முகாம். அங்கே செல்ல வன டிராம்வே இருந்தது. தேக்கு முதலிய மரங்களைப் பரம்பிக்குளம் காடுகளிலிருந்து சாலக்குடிக்கு இறக்குவதற்காக 1907-இல் திறக்கப்பட்ட அந்தத் தண்டவாளம் 1963-இல் மூடப்பட்டது. காட்டை வெட்டி எடுத்துச் செல்ல அமைத்த வண்டியிலேயே அக்காட்டின் பறவைகளைப் பதிவு செய்ய ஒருவர் சென்றார் என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

மழைக்காட்டில் நடப்பவன் சில வேளைகளில் நெடுநேரம் ஒரு பறவையையும் காணமாட்டான். பிறகு திடீரென்று பல இனப் பறவைகள் ஒன்றுகூடி இரைதேடும் வேட்டைக் கூட்டம் ஒன்று மரங்களில் சலசலத்துக் கடந்து செல்லும். தரையில் சிலம்பன்கள், அடிமரத்தில் மரங்கொத்திகள், நடுக்கிளையில் ஈப்பிடிப்பான்கள், முகட்டில் மின்சிட்டுகள் என்று சில நிமிடங்களில் காடு முழுவதும் உயிர்பெற்று, மீண்டும் அமைதியாகிவிடும். எதை எதிர்பார்ப்பது என்று முன்பே படித்தவனுக்கே அந்தச் சில நிமிடங்கள் பயன்படும்.

விளைந்த பயன்

இந்த ஆய்வின் முடிவுகள் 1935 முதல் 1937 வரை பம்பாய்க் கழகத்தின் இதழில் தொடராக வெளிவந்தன. 1953-இல் நூலாக விரிந்தன. மாநிலங்களின் பெயரும் எல்லையும் மாறிய பின்னர் 1969-இல் அந்நூல் கேரளப் பறவைகள் என்ற பொருள்படும் பெயருடன் மறுபதிப்புப் பெற்றது.

பட்டியலுக்கும் அப்பால் அச்சீட்டுகள் ஒரு பெரிய வினாவை எழுப்பின. திருவிதாங்கூர்க் காட்டிலுள்ள பெரிய இருவாய்ச்சி, தீக்காக்கை, தவளைவாயன் ஆகியவற்றின் இனமோ உறவினமோ கிழக்கு இமயத்திலும் அஸ்ஸாமிலும் மலேயாவிலும் வாழ்கின்றன. இடையே ஆயிரம் மைலுக்கு மேற்பட்ட வறண்ட நிலம். அவை எவ்வாறு இங்கு வந்தன? மீன்களின் பரவலை ஆராய்ந்த சுந்தர்லால் ஹோரா, முற்காலத்தில் ஈரம் மிகுந்திருந்த சாத்பூரா மலைத்தொடர் பாலமாக இருந்திருக்கலாம் என்றார். பறவைகளின் சான்றைக் கொண்டு அக்கருத்தை 1949-இல் சலீம் அலியும் ஆராய்ந்தார். அறிஞரிடையே இவ்வினா இன்றும் விவாதத்துக்கு உரியதே. ஆனால் எந்தப் பறவை எங்கே, எந்த உயரத்தில், கூடு கட்டும் நிலையில் இருந்தது என்ற குறிப்புகள் இல்லாவிடில் விவாதத்துக்கே இடமிராது.

நேரடியான பயனும் உண்டு. தென்னிந்தியத் தீபகற்பத்தில் பறவை வளம் மிகுந்த இடங்களுள் தட்டேக்காடு தலையாயது என்று 1933-இல் அவர் கண்டார். அக்கருத்தே அடிப்படையாக, ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னர் 1983-இல் 25 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பறவைகள் சரணாலயம் அங்கே அமைந்தது. அமைதிப் பள்ளத்தாக்கில் நீர்மின் அணை கட்டுவதா, காட்டைக் காப்பதா என்ற வழக்கு நாட்டையே ஈர்த்தபோது அவர் காட்டின் பக்கம் நின்றார். 1984-இல் அது தேசியப் பூங்கா ஆயிற்று. 1987-இல் அவர் மறைந்த பின்னர், கோயம்புத்தூர் அருகே ஆனைக்கட்டியில் அவர் பெயரால் பறவையியல் ஆய்வு மையம் 1990-இல் தோன்றியது.

2009-ஆம் ஆண்டில் கேரளத்தின் பறவை ஆய்வாளர்கள் அவர் தங்கிய அதே இடங்களுக்கு மீண்டும் சென்று, அன்று இருந்தவற்றையும் இன்று உள்ளவற்றையும் ஒப்பிட்டனர். அன்று திருவிதாங்கூரில் காணக் கிடைத்த பிணந்தின்னிக் கழுகுகள் இன்று கேரளத்தில் வயநாட்டுப் பகுதியில் மட்டுமே எஞ்சி நிற்கின்றன. இழந்தது இன்னது என்று கூறவும் ஒரு பழங்கணக்கு வேண்டும். அக்கணக்கு இல்லாத காடுகளில் எது மறைந்தது என்பதே யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

இன்று புறப்படுவோருக்கு

இன்று அதே மலைகளுக்குப் பறவை காணச் செல்வோர் பலர். துப்பாக்கிக்கு அங்கே இடமில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பறவைகளைக் கொல்வது குற்றம். சலீம் அலியும் பிற்காலத்தில் பறவைகளை வலையில் பிடித்து, காலில் வளையமிட்டு, உயிரோடு பறக்கவிடும் முறையை நாட்டில் பரப்பினார். 1959-இல் தொடங்கிய அப்பணி பின்னர் நம் கோடியக்கரையிலும் நடந்தது. காலில் கட்டிய சீட்டு இறந்த பறவையைப் பேசவைத்தது போலவே, காலில் இட்ட வளையம் உயிருள்ள பறவையின் வழியைக் கூறுகிறது.

கருவிகள் மாறினும் ஆயத்தத்தின் இலக்கணம் மாறவில்லை. செல்லும் காட்டின் மழைக்காலத்தையும் உயரத்தையும் முன்னரே அறிய வேண்டும். வனத்துறையின் அனுமதியைப் பெற வேண்டும். அங்கே வாழும் மக்களின் அறிவை மதித்துக் கேட்க வேண்டும். இருவாய்ச்சியின் பொந்து எந்த மரத்தில் உள்ளது என்பதைக் காடர் பழங்குடியினர் அளவுக்கு அறிந்தவர் அரியர். இன்று வாழச்சால் காடுகளில் அப்பொந்துகளைக் காத்து வருவோரும் அவர்களே. கூட்டருகே நெருங்காமலும் உரத்துப் பேசாமலும் இருக்கப் பழக வேண்டும்.

எல்லாவற்றிற்கும் மேலாக ஒரு குறிப்பேடு வேண்டும். விலையுயர்ந்த ஒளிப்படக் கருவியைத் தோளில் மாட்டிச் செல்லும் இளைஞர்கள், எடுத்த படத்தின் நாளையும் இடத்தையும் உயரத்தையும், பறவை அப்போது செய்துகொண்டிருந்த செயலையும் அன்றிரவே எழுதி வைப்பார்களாயின், அவர்களின் பயணமும் பிற்காலத்தார்க்குச் சான்றாகும். எழுதாவிடில் அழகிய படம் மட்டுமே எஞ்சும். வேலையும் ஊதியமும் இல்லாத ஒருவர் விளக்கொளியில் எழுதிய துண்டுச் சீட்டுகள் தொண்ணூறு ஆண்டுகள் கடந்தும் ஒரு காட்டுக்காகச் சாட்சி சொல்லி நிற்கின்றன. நம் மலைகளிலும் குளங்களிலும் இன்னும் எழுதப்படாதவை ஏராளம். அடுத்த பயணத்துக்குப் பெட்டி கட்டுவோர் அவற்றுக்கும் சில தாள்களை எடுத்து வைக்கட்டும்.